காகிதக் கூழ்க் கைவேலையில் நேரும் குறைகள்: குறியைப் பார்த்துக் காரணம் அறிந்து சரிசெய்யும் வழிமுறை

பழைய செய்தித்தாளை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, கவிழ்த்து வைத்த குடத்தின் மேல் அப்பிக் கூடையாக எடுப்பதும், புது மூங்கில் முறத்தின் இடுக்குகளை அதே கூழால் மெழுகி அடைப்பதும் நம் வீடுகளில் பாட்டிமார் கையோடு வந்த வேலைகள். இப்போது பள்ளி விடுமுறையில் குழந்தைகளை உட்கார வைத்து இதைச் செய்பவர்கள் கூடிவருகிறார்கள். செய்வதில் சிரமம் இல்லை. ஆனால், செய்து முடித்த மூன்றாம் நாள் ஓரம் வெடித்தோ, மூன்றாம் மாதம் கரும்புள்ளி பூத்தோ நிற்கும்போது என்ன செய்வதென்று தெரியாமல் பலரும் அதைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலான குறைகளுக்கு நீர்தான் காரணம்: கூழுக்குள் எவ்வளவு நீர் இருந்தது, அது எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகத்தில் வெளியேறியது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் இந்தச் சேர்மானத்தை வைத்தவை: உலர்ந்த செய்தித்தாள் 250 கிராம், வெந்தயம் 50 கிராம். தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, தினமும் தண்ணீரை மாற்றி, இரவு முழுதும் ஊறிய வெந்தயத்தோடு அரைத்து, துணியில் கட்டிப் பிழிந்து, சப்பாத்தி மாவின் பதத்துக்குக் கொண்டுவந்து, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் கனத்தில் அச்சின்மேல் பரப்புவது வழக்கம். வெந்தயத்தை ஊறவைத்தால் வரும் வழவழப்பு ஒரு வகைப் பிசின். அதுதான் காய்ந்தபின் இழைகளைப் பிடித்து நிறுத்துகிறது. வெந்தயத்துக்குப் பதிலாக மைதாப் பசையோ, புளியங்கொட்டைப் பசையோ, வெள்ளைப் பசையோ சேர்ப்பவர்களுக்கும் இந்த வழிமுறை பெரும்பாலும் பொருந்தும்.

எந்தக் குறையை ஆராயும் முன்பும் பொருள் உண்மையில் காய்ந்துவிட்டதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். மேல்பரப்பு காய்ந்து உள்ளே ஈரம் நிற்பது மிகச் சாதாரணம். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் ஈரமுள்ள இடம் சில்லென்றிருக்கும். விரல் முட்டியால் தட்டினால் காய்ந்த இடம் ‘டக் டக்’ என்றும், ஈரமான இடம் மந்தமாகவும் ஒலிக்கும். இவற்றைவிட நம்பகமானது சமையலறைத் தராசு. தினமும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வையுங்கள். தொடர்ந்து இரண்டு நாள் எடை மாறாவிட்டால் காய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். இந்தச் சோதனையைச் செய்யாமல் வண்ணம் தீட்டத் தொடங்கியதால் வந்தவையே பின்னால் சொல்லப்போகும் குறைகளில் பாதி.

கூழ் திரிதிரியாக இருக்கிறது, கட்டி தட்டுகிறது

தாள் போதிய அளவு ஊறவில்லை என்பது முதல் காரணம். ஊறிய தாளை இரு விரலுக்கிடையில் தேய்த்தால் நூல்நூலாகப் பிரிய வேண்டும். துண்டாகக் கிழிந்தால் இன்னும் ஒரு நாள் விடுங்கள். பளபளப்பான வார இதழ்த் தாள் கலந்திருந்தால் எத்தனை நாள் ஊறவைத்தாலும் பயனில்லை, அதன் மேற்பூச்சு கரைந்து சேறுபோல் நிற்கும். அதைத் தனியே எடுத்துவிடுவதே நல்லது. அவசரத்துக்கு, கிழித்த தாளைக் கொதிக்கும் நீரில் கால் மணி நேரம் போட்டு எடுத்தால் ஊறும் காலம் குறையும்.

மிக்ஸியில் அரைக்கும்போது ஒரு கைப்பிடித் தாளுக்கு மூன்று நான்கு கோப்பை நீர் வேண்டும். கெட்டியாக அரைத்தால் மோட்டார் சூடாகும், கட்டியும் உடையாது. அதற்காக வெண்ணெய்போல் மழமழவென்று அரைத்துவிடவும் கூடாது, ஏனென்று கீழே நொறுங்கும் குறையில் சொல்கிறேன். பிழிந்த நீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள். அதில் மிதக்கும் இழைகள் குழாயின் வளைவில் தங்கி அடைத்துக்கொள்ளும். துணியில் வடிகட்டி, நீரைச் சாக்கடையிலும், இழையை மீண்டும் கூழிலும் சேர்க்க வேண்டும். இந்தப் பாடத்தைக் கற்க நான் ஒரு பிளம்பருக்குக் கூலி கொடுத்தேன்.

அச்சை விட்டு வர மறுக்கிறது

முதலில் கூழை அச்சின் உட்புறம் அப்பினீர்களா, வெளிப்புறமா என்று பாருங்கள். காகிதக் கூழ் காயும்போது சுருங்கும். கிண்ணத்தின் உட்புறம் அப்பிய கூழ் சுருங்கும்போது சுவரை விட்டுத் தானே விலகும். கவிழ்த்த கிண்ணத்தின் வெளிப்புறம் அப்பிய கூழ் சுருங்கும்போது அச்சை இறுகக் கவ்விக்கொள்ளும். ஆகவே தொடக்க நிலையில் உள்ளவர்கள் உட்புறம் அப்புவதே எளிது. வெளிப்புறம்தான் வேண்டும் என்றால், பழைய மெல்லிய பருத்தித் துணியையோ பிளாஸ்டிக் உறையையோ அச்சின்மேல் போர்த்திவிட்டு அப்ப வேண்டும். எண்ணெய் மட்டும் தடவுவது போதாது. அந்த எண்ணெயில் ஒரு பகுதி கூழுக்குள் ஏறி, பிறகு வண்ணம் ஒட்டாமல் செய்யும்.

ஏற்கெனவே சிக்கிக்கொண்டிருந்தால் நெம்புகோல் போட்டு இழுக்காதீர்கள். எவர்சில்வர்ப் பாத்திரம் அச்சாக இருந்தால், பாத்திரத்துக்குள் ஐஸ் கட்டியும் நீரும் விட்டுச் சில நிமிடம் வையுங்கள். உலோகம் சற்றே சுருங்கிப் பிடி தளரும். அப்போதும் வராவிட்டால் விளிம்பைச் சுற்றி ஈரத்துணியை ஒரு மணி நேரம் சுற்றி வைத்து, கூழ் இளகியதும் மெல்லக் கழற்றி, வெறுமனே மறுபடி காயவிடலாம்.

வாய் குறுகி வயிறு பருத்த குடம், பானை போன்ற வடிவங்களில் கழுத்து வரை கூழை ஏற்றிவிட்டால் எந்த உபாயமும் பலிக்காது, அறுத்தே எடுக்க வேண்டும். அது வெட்கப்பட வேண்டிய செயல் அல்ல. காஷ்மீரில் காகிதக் கூழ்ப் பொருள்கள் செய்பவர்கள் காய்ந்த உருவத்தைச் சிறு ரம்பத்தால் இரண்டாக அறுத்து அச்சிலிருந்து பிரித்து, பிறகு பசையால் ஒட்டி, ஒட்டிய இடம் தெரியாமல் தேய்ப்பது வழக்கம். வீட்டில் கூர்மையான கத்தியால் ஒரே கோட்டில் அறுத்து, வெள்ளைப் பசையால் ஒட்டி, ரப்பர் பட்டை போட்டு ஓர் இரவு வைத்து, இணைப்பின்மேல் உள்ளும் புறமும் மெல்லிய தாள்பட்டை ஒட்டினால் போதும்.

வெடிப்பு விழுகிறது

எனக்கு வரும் கேள்விகளில் மிகுதியானது இதுதான். வெடிப்பு எங்கே, எப்படி விழுந்திருக்கிறது என்பதைப் பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது.

விளிம்பிலிருந்து உள்நோக்கி ஓடும் இரண்டு மூன்று பெரிய வெடிப்புகள் என்றால், விளிம்பு முதலில் காய்ந்து சுருங்க, நடுப்பகுதி இன்னும் ஈரத்தில் பருத்தே இருந்திருக்கிறது. காரணம், விளிம்பை மெல்லியதாகவும் அடியைக் கனமாகவும் அப்பியிருப்பீர்கள், அல்லது செய்த உடனே உச்சி வெயிலில் வைத்திருப்பீர்கள். ‘சீக்கிரம் காயட்டும்’ என்று மொட்டை மாடியில் வைப்பதுதான் நம் ஊர்ப் பழக்கம். வடகத்துக்குச் சரி, கூழுக்குச் சரியில்லை. முதல் இரண்டு நாள் நிழலில், காற்றோட்டத்தில் வைத்து, கையில் ஒட்டாத அளவுக்கு இறுகியபின் வெயிலுக்கு மாற்ற வேண்டும். விளிம்பைச் சுற்றி ஓர் ஈரத்துணியை முதல் நாள் போட்டு வைப்பது இன்னும் நல்லது.

பரப்பு முழுவதும் வறண்ட ஏரியின் மண்போல் சிறு சிறு கட்டங்களாக வெடித்திருந்தால், கூழில் இழை குறைந்து பொடி மிகுந்துவிட்டது. வழவழப்பு வரட்டும் என்று சாக் பவுடரையோ களிமண்ணையோ அதிகம் கலந்தவர்களுக்கு இது நேரும். மேற்பூச்சில் மட்டும் இப்படி வெடித்திருந்தால் அதை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, மெல்லிய தாளைச் சிறு துண்டுகளாகப் பசையில் ஒட்டி, அதன்மேல் மெல்லிய பூச்சாகப் பலமுறை பூசுங்கள். வண்ணப் பூச்சின் கீழே மெல்லிய தாள் ஒட்டுவது காஷ்மீர்க் கைவினைஞர்களிடமும் உள்ள பழக்கம். கீழே கூழ் சற்று அசைந்தாலும் மேலே வெடிப்பு தெரியாமல் அந்தத் தாள் தாங்கிக்கொள்கிறது.

நேற்று அப்பிய பகுதிக்கும் இன்று அப்பிய பகுதிக்கும் நடுவே கோடு போட்டாற்போல் வெடித்திருந்தால் அது ஒட்டாத இணைப்பு. காய்ந்த கூழ் புதுக் கூழின் நீரை உறிஞ்சிவிடுவதால் புதுக் கூழ் பிடிப்பதற்குள் சுருங்கிவிடுகிறது. பழைய பகுதியை நனைத்து, பசையைத் தேய்த்து, பிறகே தொடர வேண்டும்.

கவிழ்த்த அச்சின் வெளிப்புறத்தில் அப்பியவர்களுக்கு இன்னொரு வகை உண்டு. கூழ் சுருங்கப் பார்க்கிறது, கெட்டியான அச்சு விட மறுக்கிறது, இரண்டுக்கும் நடந்த இழுபறியில் கூழ் பிளக்கிறது. கூழ் தோல்போல் இறுகி, இன்னும் வளையும் பதத்தில் இருக்கும்போதே அச்சிலிருந்து கழற்றி, தனியே காயவிடுவது ஒன்றே இதற்குத் தடுப்பு.

விழுந்த வெடிப்பை அடைக்க, அதன் இரு உதடுகளையும் தூரிகையால் நனைத்து, அதே கூழை நன்றாகப் பிழிந்து நீர் குறைத்து, வெள்ளைப் பசை சிறிது சேர்த்துப் பிசைந்து, கத்தி முனையால் ஆழம் வரை அழுத்துங்கள். காய்ந்ததும் அது மறுபடி சிறிது இறங்கும். இரண்டாம் முறையும் நிரப்ப வேண்டியிருக்கும் என்று முதலிலேயே எண்ணிக்கொள்ளுங்கள். சுவருக்குப் பார்க்கும் பட்டியைக் கொண்டு அடைப்பதைப் பரிந்துரைக்க மாட்டேன்: கூழ் சற்று நெகிழும், பட்டி நெகிழாது, ஆகவே ஒரு முறை கீழே விழுந்தாலே அது சில்லாகப் பெயர்ந்துவிடும்.

வளைகிறது, தரையில் வைத்தால் ஆடுகிறது

ஒரு பக்கம் மட்டும் காற்றுப்பட்டுக் காய்ந்த தட்டு அந்தப் பக்கமாகவே குழியும். கம்பி வலையின்மேலோ மூங்கில் தட்டியின்மேலோ வைத்து, நாளுக்கு இருமுறை திருப்பிப் போட்டிருந்தால் இது நேர்ந்திருக்காது. வளைந்துவிட்ட தட்டின் குழிந்த பக்கத்தை நன்றாக ஈரப்படுத்தி, அரை மணி நேரம் கழித்து இரு பலகைகளுக்கு நடுவே உலர்ந்த செய்தித்தாள்கள் வைத்து, மேலே அம்மிக்கல்லையோ அரிசி மூட்டையையோ ஏற்றி, தாள்களைத் தினமும் மாற்றி வந்தால் நான்கைந்து நாளில் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

அட்டைப் பெட்டி, புகைப்படச் சட்டம் போன்றவற்றுக்கு வண்ணத்தாள் ஒட்டும்போதும் இதே குறை வேறு வேடத்தில் வரும். பசை பட்ட தாள் நனைந்து விரிந்த நிலையில் அட்டையில் ஒட்டுகிறது, காயும்போது சுருங்கி அட்டையையும் தன்னோடு இழுக்கிறது. மறுபக்கத்திலும் அதே கனமுள்ள தாளை, அதே பசையால் ஒட்டினால் இரு இழுப்பும் சமமாகிவிடும். அப்படியும் வளைந்தால் தாளின் இழைப்போக்கைப் பாருங்கள். ஆலையில் செய்த தாளில் இழைகள் பெரும்பாலும் ஒரே திசையில் கிடக்கும். நனைந்தால் அந்தத் திசைக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். தாளை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் மெல்ல மடக்கிப் பார்த்தால், எளிதில் மடங்கும் மடிப்புக் கோட்டின் திசையே இழைப்போக்கு. அட்டையின் போக்கும் இரு தாள்களின் போக்கும் ஒரே திசையில் இருக்குமாறு வெட்டுவது புத்தகக் கட்டுநர்களின் பழக்கம்.

அடி ஆடுவது மட்டுமே குறை என்றால் தரையில் உப்புத்தாளை விரித்துக் கிண்ணத்தை அதன்மேல் வட்டமாகத் தேய்த்தால் முடிந்தது.

நாற்றம் வருகிறது, புள்ளி பூக்கிறது

வெந்தய வாசனை குறையல்ல. அது மாதக்கணக்கில் இருக்கும், மழைநாளில் மீண்டும் எழும். பிடிக்காதவர்கள் அடுத்த முறை புளியங்கொட்டைப் பசைக்கு மாறிக்கொள்ளலாம். புளித்த மாவுபோல், அழுகிய துணிபோல் நாறினால்தான் கவலைப்பட வேண்டும். ஊறவைத்த நீரை மாற்றாமல் விட்டிருப்பீர்கள், அல்லது கலந்த கூழை வெளியே இரண்டு நாள் வைத்துவிட்டு அப்பியிருப்பீர்கள். மீந்த கூழை உருண்டையாகப் பிழிந்து குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் சில நாள் தாங்கும். இல்லையென்றால் வடைபோல் தட்டிக் காயவைத்து, வேண்டும்போது மறுபடி ஊறவைத்துக்கொள்வதே மேல்.

பச்சை, கறுப்பு, சாம்பல் நிறப் புள்ளிகள் பூஞ்சை. காயும் வேகத்தைவிட அது வளரும் வேகம் கூடிவிட்டது என்பதே பொருள். பெரும்பாலும் கனம்தான் குற்றவாளி. ஒரு சென்டிமீட்டர் கனத்தில் ஒரே தடவையாக அப்பியதை ஐப்பசி அடைமழையில் காயவைக்க யாராலும் முடியாது. 3 அல்லது 4 மில்லிமீட்டராக அப்பி, காய்ந்தபின் அடுத்த அடுக்கு வைக்க வேண்டும். நவராத்திரிக்குப் பொம்மை செய்ய நினைப்பவர்கள் புரட்டாசியில் தொடங்காமல் ஆடிக்குள் கூழ் வேலையை முடித்துவிட்டால் வண்ணத்துக்கு நிதானமாக நேரம் கிடைக்கும். மழைக்காலத்தில்தான் செய்தாக வேண்டும் என்றால் மின்விசிறிக் காற்று இரவும் பகலும் படட்டும்.

பூஞ்சை பிடிக்காமல் இருக்க உப்பு சேர்க்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்தவர்கள், அதே உப்பு கிண்ணத்தின் சுவருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம். கிராம்பு எண்ணெய் சில துளி சேர்ப்பது நல்ல தடுப்பு. பழைய புத்தகக் கட்டுப் பசையில் மயில்துத்தம் (செம்பு சல்பேட்) கலப்பது வழக்கமாக இருந்தது, அது பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும். ஆனால் அது நஞ்சு. குழந்தைகள் கையால் பிசையும் கூழில், சமையல் பாத்திரங்கள் புழங்கும் இடத்தில் அதைச் சேர்க்கவே கூடாது.

மேலோட்டமான புள்ளிகளை, மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த தூரிகையால் துடைத்து, இரண்டு மூன்று நாள் கடும் வெயிலில் காட்டி, எடை நிலைத்தபின் உப்புத்தாளால் தேய்த்துப் பூச்சுப் பூசலாம். கத்தியால் சுரண்டிப் பார்த்து உள்ளேயும் நிறம் மாறியிருந்தால் பொருளை விட்டுவிடுங்கள். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் மேலோட்டமானதைக்கூடக் காப்பாற்ற முயல வேண்டாம்.

பூச்சி அரிக்கிறது

மேல்பரப்பைச் சுரண்டியதுபோல் ஒழுங்கற்ற தேய்வு இருந்தால் இராமபாணப் பூச்சி அல்லது கரப்பான். பசையில் உள்ள மாவுச்சத்துதான் அவற்றுக்கு உணவு. குண்டூசித் தலை அளவில் வட்ட ஓட்டையும் கீழே நுண்தூளும் கண்டால், மசாலாப் பொருள்களையும் பழைய புத்தகங்களையும் துளைக்கும் சிறு வண்டாக இருக்கும், மல்லி டப்பாவையும் ஒருமுறை திறந்து பாருங்கள். பொருளை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, உறைபெட்டியில் இரண்டு வாரம் வைத்தால் உள்ளே இருக்கும் புழுவும் சாகும். வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைத் திறக்கக் கூடாது, திறந்தால் பனி நீராகப் படிந்து கூழை நனைக்கும். மண் குழாய்கள் தெரிந்தால் கரையான். அது கிண்ணத்தின் குறை அல்ல, அலமாரியின் பின்சுவரைப் பாருங்கள்.

நொறுங்குகிறது, விளிம்பு உதிர்கிறது

அதிகம் அரைத்ததால் இழைகள் துண்டாகிவிட்டிருக்கும், அல்லது வெந்தயம் குறைந்திருக்கும். செய்தித்தாளின் இழைகள் இயல்பிலேயே குட்டையானவை. பழுப்பு நிற அட்டைப்பெட்டியின் இழைகள் நீளமானவை. நான்கில் ஒரு பங்கு அட்டைப்பெட்டியை ஊறவைத்துச் சேர்த்தால் வலு வெளிப்படையாகக் கூடும். செய்து முடித்த கிண்ணத்துக்கு, வெள்ளைப் பசையைச் சம அளவு நீரில் கரைத்து உள்ளும் புறமும் இருமுறை பூசினால் போதும்; விளிம்புக்குப் பழைய பருத்திப் புடவைக் கிழிசலைப் பசையில் தோய்த்துச் சுற்றி ஒட்டுவது பழைய உத்தி, இன்றும் அதைவிட நல்லது கிடைக்கவில்லை.

வண்ணம் உரிகிறது, மஞ்சளாகிறது, பிசுபிசுக்கிறது

தோலாக உரிந்தால் அடியில் எண்ணெய் இருக்கிறது, அல்லது ஈரம் இருக்கிறது. உரிந்த தோலின் பின்புறம் சுத்தமாக இருந்தால் எண்ணெய். கூழின் இழைகளும் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம். முதலாவதற்கு உப்புத்தாளால் தேய்த்து, சாக் பவுடரும் வெள்ளைப் பசையும் கலந்த அடிப்பூச்சுப் பூச வேண்டும். இரண்டாவதற்கு மறுபடி காயவைப்பது தவிர வேறு வழி இல்லை.

வெள்ளை வண்ணத்தின்மேல் மஞ்சள் திட்டுகள் தோன்றினால், நீரில் கரைந்த வண்ணம் காயும்போது தாளிலும் வெந்தயத்திலும் உள்ள சாயத்தை மேலே இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. எத்தனை முறை வெள்ளை அடித்தாலும் அது திரும்ப வரும். தச்சர்கள் பயன்படுத்தும், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷை நடுவே ஒரு பூச்சுக் கொடுத்தால் நிற்கும்.

வார்னிஷ் அடித்தபின் பால்போல் வெளுத்தால் மழை ஈரத்தில் அடித்திருப்பீர்கள், வறண்ட நாளில் மீண்டும் மெல்லியதாக அடித்துப் பாருங்கள். போஸ்டர் வண்ணம் தீட்டிய பொருளில் தூரிகை படும்போதே நிறம் கலங்கும் என்பதால், அதற்கு முதல் பூச்சைத் தெளிப்பானால் கொடுப்பது நல்லது. எத்தனை பூச்சுப் பூசினாலும் இந்தக் கிண்ணத்தில் குழம்பும் சட்னியும் ஊற்ற முடியாது; செய்தித்தாள் மையும் பசையும் உள்ளே இருப்பதால் முறுக்கைக்கூட வாழை இலைத் துண்டு போட்டே வையுங்கள்.